சென்னை–மும்பை: ஒன்றே கால் மணியா, இரண்டே கால் மணியா?

கேள்வி: ஜூன் கடைசியில் மகளுடன் சென்னையிலிருந்து மும்பை செல்லவிருக்கிறேன். தூரம் 1,030 கிலோமீட்டர், பறக்கும் நேரம் ஒன்றே கால் மணி என்று இணையத்தில் படித்தேன். டிக்கெட் தேடினால் ஒரு விமானம் 1 மணி 55 நிமிடம் என்றும், மற்றொன்று 2 மணி 15 நிமிடம் என்றும் காட்டுகின்றன. முதலாவதற்கு 700 ரூபாய் அதிகம். அது வேகமான விமானமா? – வாசகி, தாம்பரம்

பதில்: இல்லை, அந்த 700 ரூபாயை வேகத்துக்காகக் கொடுக்க வேண்டாம். 1,030 கிலோமீட்டர் என்பது மீனம்பாக்கத்துக்கும் மும்பை விமான நிலையத்துக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தூரம்; அதை மணிக்கு 830 கிலோமீட்டர் வேகத்தால் வகுத்தால் ஒன்றே கால் மணி வரும். அது வெறும் கணக்கு. டிக்கெட்டில் இருப்பதோ ‘பிளாக் டைம்’, அதாவது விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து, மும்பையில் போய் நிற்கும் வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, ஏறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். மும்பையின் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்காக வெட்டுவதால், நெரிசல் வேளையில் இறங்க அனுமதி கிடைக்கும் வரை விமானம் வானிலேயே வட்டமடிக்கும். ஒரே மலையை ஜன்னல் வழியே இருமுறை பார்த்த பயணிகள் பலர் உண்டு. இதற்கெல்லாம் சேர்த்து நிறுவனங்கள் சில நிமிடங்களைக் கூட்டியே அட்டவணை போடுகின்றன. ஒருவர் கூடுதலாகக் கூட்டுவார், ஒருவர் குறைவாக. பறப்பது பெரும்பாலும் ஒரே வகை விமானம்தான்.

ஆனால் இந்த எண்ணுக்குச் சட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது. உரிய முன்னறிவிப்பின்றி விமானத்தை ரத்து செய்தால், டி.ஜி.சி.ஏ. (மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதிப்படி பிளாக் டைம் ஒரு மணிக்கு மேல் 2 மணி வரை இருந்தால் 7,500 ரூபாய், அதற்கு மேற்பட்டால் 10,000 ரூபாய், அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அது இழப்பீடு. ஆகவே மலிவு டிக்கெட்டில் இந்த வேறுபாடு கைக்கு வராமலே போகலாம். நீங்கள் போவது மழைக்காலம். வானிலையால் ரத்தானால் இழப்பீடு கிடையாது, பணம் திரும்பும் அல்லது மாற்று விமானம் கிடைக்கும். இரண்டு மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமானால், நேரத்துக்குச் செக்-இன் செய்தவருக்கு உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

பணம் கட்டும் முன் ‘டைரக்ட்’ என்ற சொல்லை நம்பாதீர்கள்; வழியில் ஓர் ஊரில் நின்று, அதே விமானம் தொடர்ந்தாலும் சிலர் அப்படித்தான் சொல்வார்கள். ‘நான்-ஸ்டாப்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். 700 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதானால் அதிகாலை விமானத்துக்குக் கொடுங்கள். முந்தைய பயணங்களின் தாமதம் அதன் மீது பெரும்பாலும் ஏறுவதில்லை.