தரையில் விரித்த தறி

கேள்வி: அரேபியப் பெதூயின்களின் நெசவையும் குஜராத்தின் கட்ச் பகுதி ரபாரிகளின் பூத்தையலையும் ஒரே கூடத்தில் வைத்திருந்த கண்காட்சிக்குப் போயிருந்தேன். இரண்டும் ஒட்டகங்களோடு அலைந்தவர்கள் பொழுது போகாமல் செய்த கைவேலை. வெறும் மணலைத் தவிர வேறெதையும் பார்க்காதவர்களின் வேலையைக் 'கலை' என்று கொண்டாடுவது மிகையில்லையா?

பதில்: பொழுது போகாமலா? ஆட்டு மயிரையும் ஒட்டக மயிரையும் சுத்தம் செய்து, தக்களியில் நூற்று, சாயம் ஏற்றிய பிறகுதான் பெதூயின் பெண் தறிக்கே வருவாள். அந்தத் தறிக்குச் சட்டமும் கிடையாது, குழியும் கிடையாது. தரையில் முளை அடித்து, நீளவாக்கில் ஓடும் பாவு நூலை இழுத்துக் கட்டுவாள். கூட்டம் இடம் பெயர்ந்தால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததைச் சுருட்டி ஒட்டகத்தின் மேல் ஏற்றிவிடுவாள். 'சதூ' என்னும் இந்த நெசவில் அவள் வீட்டையே நெய்தாள். கருங்கூடாரத்தின் ஆட்டுமயிர் இழைகள் மழையில் நனைந்ததும் உப்பி நெருங்கிக்கொள்ளும். காய்ந்தால் இளகிக் காற்று விடும். பொழுதுபோக்காகச் செய்கிற காரியமா இது?

அடுத்து, 'வெறும் மணல்'. நமக்குப் பாலை பிரிவின் நிலம், எப்படியாவது கடந்துவிட வேண்டிய வழி. அங்கே பிறந்தவளுக்கு அதுதான் ஊர். சதூவின் நடுப்பட்டைக்கு 'ஷஜரா', அதாவது மரம், என்று பெயர். அதில் சீப்பும் கத்தரிக்கோலும் ஒட்டகத்துக்கு இடும் சூட்டுக்குறியும் வரும். ரபாரிப் பெண்ணின் துணியில் கண்ணாடிச் சில்லுகளுக்கிடையே ஒட்டகம், தேள், தண்ணீர்க்குடம் சுமக்கும் பெண். தேளைக்கூட விட்டுவிடாத கண் அது! சதூவில் பாவு போகும் வழியே கோலமும் நேர்கோட்டில் போகிறது. ரபாரியிடம் இருப்பது ஊசி. அது நினைத்த பக்கமெல்லாம் வளைகிறது. ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றார்கள் என்று நான் சொல்லவில்லை. சுமக்க முடிந்ததை மட்டுமே வைத்துக்கொள்ளும் வாழ்க்கை இருவருக்கும் இருந்தது.

கொண்டாட்டம் மிகை என்கிறீர்கள். எனக்கோ அது காலம் கடந்து வந்ததாகத் தெரிகிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் சதூவை 2011இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய்ப் பணம் வந்தது, மக்கள் ஊர்களில் நிலைத்தார்கள், கூடாரம் தேவையற்றுப் போனது. நெய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் முதிய பெண்கள்.

கட்ச்சில் நடந்தது வேறு. 1990களின் நடுவில் ரபாரிகளில் ஒரு பிரிவான தேபாரியா சமூகப் பெரியவர்கள் பூத்தையலுக்கே தடை விதித்தார்கள். புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய துணிகளைத் தைத்து முடிப்பதற்குள் மகள்களுக்கு வயது ஏறிக்கொண்டே போனதுதான் காரணம். அந்தப் பெண்கள் ஓய்ந்துவிடவில்லை. கடையில் இயந்திர ரிப்பன்களை வாங்கி, தங்கள் கண்ணுக்குப் பிடித்த வரிசையில் துணியில் வைத்துத் தைத்தார்கள். நீங்கள் பார்த்த கண்காட்சியில் அந்த ரிப்பன் துணி ஒன்றாவது இருந்ததா? இல்லையென்றால் ரபாரிப் பெண்ணின் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அமைப்பாளர்களிடம் குறை சொல்வதானால் அதைச் சொல்லுங்கள்.