மேக் ஓஎஸ்: பிறருக்குக் கொடுத்தால் என்ன?

கேள்வி: விண்டோஸ் எந்த நிறுவனத்தின் கணினியிலும் ஓடுகிறது. ஆப்பிள் மட்டும் தன் மேக் ஓஎஸ் இயங்குதளத்தைப் பிற நிறுவனங்களுக்கு ஏன் உரிமம் தருவதில்லை? தந்தால் அதற்கும் லாபம்தானே?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தந்து பார்த்தது, தாங்கவில்லை. 1994 கடைசியில் பவர் கம்ப்யூட்டிங் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. ரேடியஸ், டேஸ்டார், யூமாக்ஸ், மோட்டோரோலாவும் அடுத்தடுத்துச் சேர்ந்தன. இவர்கள் மலிவான கணினிகளை விற்று, விண்டோஸ்காரர்களை மேக் பக்கம் கூட்டிவருவார்கள் என்பது ஆப்பிளின் எதிர்பார்ப்பு.

அவர்களோ ஆப்பிளின் சொந்த வாடிக்கையாளர்களிடமே போனார்கள். அச்சகம், வடிவமைப்பு, விளம்பரத் துறைகளில் இருந்தவர்கள்தான் விலை உயர்ந்த மேக்குகளை வாங்கியவர்கள். 1996-ல் ஆப்பிளின் உச்ச மாடல் 200 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் நின்றபோது, பவர் கம்ப்யூட்டிங் 225 மெகாஹெர்ட்ஸ் கணினியை விற்றது.

உரிமக் கட்டணம் ஒரு கணினிக்கு ஏறத்தாழ 50 டாலர். 3,000 டாலர் மேக் ஒன்றில் 30 சதவீதம் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 900 டாலர். அப்படி ஒரு விற்பனை கைநழுவினால், அதை ஈடுகட்ட 18 புதுக் கணினிகளுக்கான கட்டணம் வர வேண்டும். புதிதாக வந்தவர்களோ குறைவு. தவிர, அந்நாளைய மேக் இயங்குதளத்தின் ஒரு பகுதி வட்டில் அல்ல, கணினிக்குள் பொருத்திய ரோம் என்ற அழியா நினைவக சிப்பில் இருந்தது. அதையும் போட்டியாளர்களுக்கு ஆப்பிளே கொடுத்து, அவர்களின் ஒவ்வொரு மாடலையும் சோதித்துச் சான்றளிக்க வேண்டியிருந்தது.

1997-ல் திரும்பி வந்த ஸ்டீவ் ஜாப்ஸ் இதை நிறுத்தினார். உரிமங்கள் அன்றைய மேக் இயங்குதளமான 'சிஸ்டம் 7' வரிசைக்கு மட்டுமே. 7.7 என்று வரவிருந்த பதிப்புக்கு 'மேக் ஓஎஸ் 8' என்று பெயரிட்டதும் அவை செல்லாமல் போயின. பவர் கம்ப்யூட்டிங்கின் முக்கியச் சொத்துகளை 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகள் கொடுத்து ஆப்பிளே வாங்கிக்கொண்டது.

மென்பொருள் விற்றே பிழைக்க முடிகிற நிறுவனம் உரிமம் தரலாம், தரவும் வேண்டும். வாங்குபவருக்குத் தேர்வு பெருகும். மைக்ரோசாஃப்ட் அப்படித்தான் வளர்ந்தது. 2012-ல் சர்ஃபேஸ் என்ற டேப்லெட் கணினி வரும்வரை அது சொந்தக் கணினி விற்கவில்லை. ஆப்பிள்போலக் கணினிப் பெட்டி விற்றுப் பிழைக்கிற நிறுவனம் பாதியில் மாறினால் அடிபடும். 1985-லேயே பில் கேட்ஸ் ஆப்பிளுக்குக் கடிதம் எழுதி, உரிமம் கொடுக்கச் சொன்னார். அப்போது கொடுத்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம் என்பதே என் கருத்து. பத்து வருடத்தில் சந்தை விண்டோஸ் கைக்குப் போய்விட்டது.

கேள்வி: வீட்டில் அசெம்பிள் செய்த பிசி இருக்கிறது. 10-ஆம் தலைமுறை இன்டெல் ஐ5, என்விடியா ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டு. மேக் ஓஎஸ் போடலாமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஆப்பிள் பெயர் பொறித்த கணினியில் மட்டுமே நிறுவலாம் என்கிறது அதன் உரிம ஒப்பந்தம். இப்படி நிறுவிய பிசிகளை விற்ற சைஸ்டார் நிறுவனம் 2009-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் தோற்றது. ஆகவே தொழிலுக்கு வேண்டாம்.

தொழில்நுட்ப ரீதியாக, ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் (இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) வழியே முடியும். ஆர்டிஎக்ஸ் கார்டு மட்டும் எந்தப் பதிப்பிலும் வேலை செய்யாது, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரே கிடையாது. உங்கள் ஐ5-ல் உள் கிராபிக்ஸ் இருந்தால் மானிட்டர் கேபிளை மதர்போர்டில் செருகுங்கள். மாடல் எண் 'எஃப்' என்று முடிந்தால் அதுவும் இல்லை. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலைத் தடுப்பது), சிஎஃப்ஜி லாக் (பிராசசர் அமைப்பு ஒன்றைப் பூட்டுவது) இரண்டையும் அணைக்காவிட்டால் பூட் பாதியில் நிற்கக்கூடும். இன்டெல் கணினிகளுக்கு 'டஹோ' என்ற பதிப்புதான் கடைசி மேக் ஓஎஸ். இதற்கென்று புதிதாகப் பாகம் எதுவும் வாங்காதீர்கள்.