ஒருவரின் குணமும் ஊரில் அவருக்கு இருக்கும் பெயரும் ஒன்றுதானா?

"நல்லவர் என்று பெயர் எடுத்தவர்கள் உண்மையிலேயே நல்லவர்கள்தானா? குணத்துக்கும் பெயருக்கும் நடுவில் இடைவெளி எப்படி விழுகிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. என் கடைக்கு ஊரில் ரொம்ப நல்ல பெயர் இருந்த வருடமும், நான் வியாபாரத்தில் செய்ததிலேயே கேவலமான காரியத்தைச் செய்த வருடமும் ஒன்றே.

கொடைக்கானலில், ஏரிக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு சின்னக் கடை. காபித்தூள், மிளகு, தேன், யூகலிப்டஸ் தைலம், ஹோம்மேட் சாக்லேட் எல்லாம் உண்டு என்றாலும் ஓடுவது மலைப்பூண்டுதான். தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. இது பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கூக்கால் பக்கம் விளைகிற பூண்டு. காரமும் நெடியும் அதிகம். பறித்ததும் தாளோடு சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படுகிற மாதிரி தொங்கவிடுவார்கள். அப்படிக் காய்ந்தது மாசக்கணக்கில் கெடாது. வடக்கேயிருந்து வருகிற பூண்டைவிட விலையும் நன்றாகவே கூட. ஆனால் மலைக்குச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களில், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது எது என்று சொல்லத் தெரிந்தவர் அபூர்வம். அவர்கள் பூண்டைப் பார்த்து வாங்குவதில்லை, கடைக்காரர் முகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள்.

2018 எங்களுக்கு நல்ல வருடமாக ஆரம்பித்தது. பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சி அந்த வருடம் பூத்தது, கூட்டம் அள்ளியது. நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, அன்றைக்கே திண்டுக்கல் மாவட்டத்தையும் ஒரு வழி பண்ணிவிட்டது. மரங்கள் சாய்ந்து, மண் சரிந்து, மலைச்சாலை அடைபட்டது. கரண்ட் நாள் கணக்கில் இல்லை. மேல்மலையிலிருந்து எனக்கு வர வேண்டிய பூண்டு வரவில்லை. சில வீடுகளில் பரணில் வைத்திருந்ததும் நனைந்து போயிருந்தது. டிசம்பர் விடுமுறைக்கு ஆட்கள் திரும்ப வர ஆரம்பித்தபோது என்னிடம் இருந்தது ஒரு மூட்டை.

பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டி. பூண்டு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு அந்தச் சந்தையைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே போய் மூன்று மூட்டை இமாச்சல் பூண்டு எடுத்தேன். சிறிய பூண்டாகப் பொறுக்கி, என்னிடம் இருந்த ஒரு மூட்டையோடு கலந்தேன். 'ஒரிஜினல் மலைப்பூண்டு' என்று கடையில் தொங்கிய பலகையை அப்படியே விட்டேன். விலையையும் அப்படியே விட்டேன்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அது மட்டும் என்றால் பரவாயில்லை. அடுத்த வருடம், 2019-இல், கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பக்கம் விளைவதற்குத்தான் இந்தப் பெயர் என்று சட்டப்படி கொடுக்கிற அடையாளம் அது. பத்திரிகைகளில் செய்தி வந்ததும் ஆட்கள் கேட்டுக் கேட்டு வந்தார்கள். எங்கே வாங்கலாம் என்று வேன் டிரைவர்களிடம் கேட்டால், இரண்டு மூன்று பேர் என் கடையைக் காட்டினார்கள். ஒரு லாட்ஜ் வரவேற்பில் இருந்த தம்பி "அங்க மட்டும் வாங்குங்க சார், கலப்படமே இருக்காது" என்று சொல்லி அனுப்புவான். 'ஊரே சொல்கிறது' என்கிறோமே, என் விஷயத்தில் அந்த ஊர் மொத்தமே நாலு பேர்தான். அந்த நாலு பேரும் என் பூண்டை ஒருநாள்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்ததில்லை.

இதில் எனக்கு இன்றைக்கும் உறுத்துவது பக்கத்துக் கடைக்காரர் விஷயம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். புயலுக்குப் பிறகு அவரிடமும் மலைப்பூண்டு கொஞ்சம்தான் இருந்தது. அவரும் அதே வடுகபட்டியிலிருந்துதான் எடுத்தார். ஆனால் இரண்டு குவியலாகக் கொட்டி, அட்டையில் 'மலைப்பூண்டு' என்று ஒன்றிலும் 'இமாச்சல் பூண்டு' என்று இன்னொன்றிலும் எழுதிக் குத்தி வைத்தார். விலையும் வேறு வேறு. என்ன ஆனது தெரியுமா? "அந்தக் கடையில வெளியூர்ப் பூண்டு விக்கிறாங்க" என்று பெயர் வந்துவிட்டது. அவருக்கு அந்தப் பெயர் வரக் காரணம் அவர் தன் கையால் எழுதிய அட்டை. எனக்கு வந்த பெயருக்குக் காரணம் நான் எழுதாத அட்டை.

வருடா வருடம் மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு வரும் வக்கீல் ஒருவர் உண்டு. ஒருமுறை மழைக்குக் கடைக்குள் ஒதுங்கியவர் ஒரு விஷயம் சொன்னார். 1872-ஆம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தில் ஒருவருடைய குணம் என்றால், ஊரில் அவருக்கு இருக்கும் பெயரும் அவருடைய இயல்பும் இரண்டும் சேர்ந்தது என்று விளக்கம் இருக்கிறதாம். 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்த பிறகும் அந்த விளக்கம் தொடர்கிறது. அதைவிட சுவாரசியம், குணத்துக்குச் சாட்சி சொல்ல வருகிறவர் 'பொதுவாக இப்படிப்பட்டவர்' என்றுதான் பெரும்பாலும் சொல்ல முடியும், 'இன்ன தேதியில் இன்னது செய்தார்' என்று சம்பவத்தை எடுத்து வைக்க முடியாது. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கூண்டில் என்னை நிறுத்தியிருந்தால் நான் பாஸ். (பள்ளிக்கூடத்து டி.சி.யில் எல்லோருக்கும் நடத்தை 'நன்று' என்று எழுதித் தருகிறார்களே, அந்த மாதிரி.) புவிசார் குறியீட்டுக்கான 1999-ஆம் வருடச் சட்டத்திலும் பொருளின் தரம், பெயர் அல்லது வேறு தன்மை என்றுதான் இருக்கிறது. தரம் வேறு, பெயர் வேறு என்று பூண்டுக்குக்கூடத் தனித்தனியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதனால் பெயரெல்லாம் வெறும் பொய் என்று சொல்லவரவில்லை. வடுகபட்டியில் எனக்கு 'நாணயமான ஆள்' என்று பெயர். அது உண்மையும்கூட. சரக்கைக் கடனுக்கு எடுத்துவிட்டு, சொன்ன வாரத்தில் பணம் கொடுக்காமல் இருந்ததே இல்லை. கொடுக்காவிட்டால் அடுத்த வாரமே மண்டிக்காரருக்குத் தெரிந்துவிடும், அதற்கடுத்த நாள் சந்தைக்கே தெரியும். அங்கே என்னைச் சோதித்துப் பார்க்க ஆள் இருந்தது, அதனால் பெயரும் குணமும் ஒட்டியே நின்றன. சுற்றுலா வருகிறவர் ஒருமுறை வாங்கிக்கொண்டு மதுரைக்கோ சென்னைக்கோ போய்விடுவார். அவரால் சோதிக்கவும் முடியாது, திரும்ப வந்து கேட்கவும் மாட்டார். ஒரே ஆள், ஒரே மாதம். மண்டியில் ஒழுங்கு, கடையில் திருட்டு. என் குணம் எது என்று கேட்டால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். முதலாவதில் கொஞ்சம் பயமும் கலந்திருந்ததே. ஆகவே யாராவது ஒருவரை நல்லவர் என்று சொன்னால், சொல்கிறவருக்கு அவரைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு இருந்ததா என்று இப்போதெல்லாம் நான் முதலில் யோசிக்கிறேன்.

என்னைச் சோதிக்கத் தெரிந்தவர் ஒருவர் மட்டும் இருந்தார். அம்மா. பிறந்தது பூம்பாறைப் பக்கம், சின்ன வயதிலிருந்து பூண்டுக் காட்டில் களை எடுத்தவர். அந்த ஜனவரியில் ஒருநாள் கடைக்கு வந்து, ரசத்துக்கு என்று குவியலில் கை வைத்தார். ஒன்றை எடுத்துத் தோலைத் தேய்த்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார். இன்னொன்றை எடுத்தார். அப்புறம் இரண்டையும் திரும்பக் குவியலிலேயே வைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், பக்கத்துக் கடையில் போய் மலைப்பூண்டு கால் கிலோ காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ராத்திரி ரசம் ஊற்றும்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான், "அது வந்து... சரக்கு வரலம்மா" என்று ஆரம்பித்தேன். "சாப்பிடு, ஆறுது" என்றார்.

மறுநாளே மிச்சமிருந்த பூண்டைத் தூக்கிக் கொட்டினேன் என்று எழுத ஆசைதான். கொட்டவில்லை. ஒன்றரை மூட்டை பாக்கி இருந்தது, போட்ட பணம் இருந்தது. அதே விலைக்கு விற்றுத் தீர்த்தேன். அதற்குப் பிறகு கலக்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நானும் இரண்டு குவியல்தான் போடுகிறேன். அட்டையும் குத்தி வைக்கிறேன். முதல் தடவை அட்டை வைத்த அன்று பக்கத்துக் கடை அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, நீயுமா?" என்று கேட்டுச் சிரித்தார். அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். "தெரியும்பா" என்றார். வடுகபட்டியில் நாங்கள் இரண்டு பேரும் எடுத்தது ஒரே மண்டியில்.

போன சீசனில் மதுரையிலிருந்து ஒரு அம்மா வந்தார். அஞ்சாறு வருடமாக என்னிடம்தான் வாங்குகிறார், அந்த ஜனவரியிலும் வாங்கியவர். இமாச்சல் பூண்டு அட்டையைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. "என்னங்க, உங்க கடைன்னா நம்பி வருவோம். நீங்களும் வெளியூர்ப் பூண்டு விக்க ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார். என்ன சொல்வது? "இந்தப் பக்கம் இருக்கிறது மலைப்பூண்டுங்க" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அரைக் கிலோ போதும் என்றார். எப்போதும் இரண்டு கிலோ வாங்குகிறவர்.