ஒன்றரை மா நிலத்தை விற்க வேண்டாம், அண்ணே

போன வாரம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, கோட்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே தாய்மாமன். பேசியதெல்லாம் மாமன்தான். தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங், மேனேஜ்மென்ட் கோட்டா, வருடத்துக்கு இரண்டரை லட்சம். வாய்க்கால் ஓரத்து ஒன்றரை மா நிலத்தை விற்றுவிட்டால் சமாளிக்கலாம் என்றார். அப்பா தலை நிமிரவில்லை. நானும் முதலில் 'பார்க்கலாம், பயப்படாதீர்கள்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் பெண்ணிடம் உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். பருத்திப் பூ முதல் நாள் வெளிர்மஞ்சள், மறுநாள் சிவப்பு. ஏன் சார் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். பூவைக் கசக்கி, ஒன்றில் எலுமிச்சையும் இன்னொன்றில் சுண்ணாம்புத் தண்ணீரும் விட்டுப் பார்த்ததை நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். பக்கமெல்லாம் கறை.

அந்த அப்பாவுக்குத்தான் இதைச் சொல்கிறேன். அண்ணே, பூவின் நிறத்தையே பிழைப்பாக்கிக்கொண்டவர் நம் காவிரிக் கரையிலேயே பிறந்திருக்கிறார். டி.ஆர். சேஷாத்ரி, 1900-ல் குளித்தலையில் பிறந்தவர். ஸ்ரீரங்கத்திலும் திருச்சியிலும் பள்ளி. ராமகிருஷ்ண மிஷன் கைகொடுக்க, சென்னை மாநிலக் கல்லூரியில் வேதியியல். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். அந்த ராபின்சனுக்கு 1947-ல் நோபல் பரிசு கிடைத்தது. திரும்பி வந்து விசாகப்பட்டினத்து வால்டேரிலும் தில்லியிலும் ஆய்வுக்கூடங்களை வளர்த்தார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறமிகளைப் பிரித்து ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963-ல் பத்மபூஷண். உங்கள் மகள் சேஷாத்ரி ஆவாள் என்று சொல்லவில்லை. இது வீண் விளையாட்டு இல்லை என்கிறேன், அவ்வளவுதான்.

இன்ஜினீயரிங், நர்சிங் எல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்கள். நான் சொல்வது தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் அரசு மகளிர் கலைக் கல்லூரி, பி.எஸ்சி. வேதியியல். கட்டணம் பெரிதாக இருக்காது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 அவள் கணக்குக்கே வரும். மூன்றாம் வருடம் ஜாம் என்கிற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வு எழுதலாம்: வேதியியல் தாள், 60 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். தேறினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. தாள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் வழியில் படித்தவளுக்கு முதலில் தடுமாறும். அதனால் முதல் வருடத்திலிருந்தே வாரம் ஒரு பழைய வினாத்தாள். துணைப்பாடத்தில் கணிதத்தைத் தள்ளிவிட வேண்டாம். சில இடங்களில் அதைக் கேட்கிறார்கள். எம்.எஸ்சி.க்குப் பிறகு ஹைதராபாத், பெங்களூரு மருந்து ஆய்வுக்கூடங்களில் கரிம வேதியியல் படித்தவர்களுக்கு இடம் உண்டு. நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால் ஆய்வு செய்யும்போதே மாதம் ₹37,000. 2023-லிருந்து அதுதான் தொகை.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பி.எஸ்சி.யோடு நின்றுவிட்டால் சம்பளம் குறைவு. முதல் தடவையே ஜாம் கிடைக்காமலும் போகலாம். இன்னொரு வருடம் எழுதட்டும். அந்த ஒரு வருடத்துக்கு நிலத்தை விற்க வேண்டியதில்லை. நான்கு வருடத்துக்குப் பத்து லட்சம் கட்டி, பிடிக்காத படிப்பில் அரியர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் வாரம் இரண்டு பேராவது என்னிடம் வருகிறார்கள். அவர்கள் அப்பாக்களிடம் இப்போது விற்க நிலமும் இல்லை.

ஜாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பேங்க் பாஸ்புக் நாலையும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள், விண்ணப்பம் இங்கேயே போட்டுவிடலாம். பெண்ணையும் கூட்டி வாருங்கள். மாமாவுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.