எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை: வீடு திரும்பிய பிறகுதான் கவனம் தேவை

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 160 செ.மீ., எடை 112 கிலோ. நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்து வருகிறேன். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையைச் சுருக்கும் அறுவை சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைக்கிறார். ‘நன்றாக இருக்கும் வயிற்றை எதற்கு வெட்டிக்கொள்கிறாய்?’ என்று மாமியார் தடுக்கிறார். இதில் உயிருக்கு ஆபத்து உண்டா? அடுத்த ஆண்டு குழந்தை பெற்றுக்கொள்ளவும் விரும்புகிறோம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: உயரத்துக்கு ஏற்ற எடையா என்பதைக் காட்டும் உங்கள் பி.எம்.ஐ. எண் ஏறத்தாழ 44. சர்க்கரை நோயும் இருப்பதால் மருத்துவரின் பரிந்துரை பொருத்தமானதே. ஆனால், மாமியாரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. இரைப்பையின் முக்கால் பங்கு அகற்றப்படுவதால், பின்னர் மனம் மாறினாலும் பழைய வயிறு திரும்பாது. உயிரிழப்பு அரிது; அனுபவமுள்ள மையங்களில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவை ஒட்டியே இருக்கிறது.

நான் அதிகம் அஞ்சுவது, வெட்டிய இடத்தில் உலோகப் பின்களால் போடப்படும் தையல் வரிசையில் ஏற்படக்கூடிய கசிவைத்தான். ஏறக்குறைய நூறில் ஒருவருக்கு நேரும் இது, பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகு, முதல் இரண்டு வாரங்களுக்குள் வெளிப்படுகிறது. பருமனான உடலில் வயிற்றுவலி தெளிவாகத் தெரியாமல் போகலாம் என்பதால், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவதே சில நேரங்களில் முதல் அறிகுறியாகிவிடுகிறது. அத்துடன் காய்ச்சல், இடது தோள்பட்டை வலி, மூச்சுவாங்கல் ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால், வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காமல், அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கால் சிரைகளில் இரத்தம் உறைந்து அக்கட்டி நுரையீரலை அடைக்கும் அபாயமும் இந்த முதல் வாரங்களில் உண்டு. முதல் நாளிலேயே நடக்கச் சொல்வது அதற்காகத்தான்.

எடை வேகமாகக் குறையும் மாதங்களில் பித்தப்பைக் கல் உருவாகலாம். முடி உதிரும், பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். தொடர் வாந்தியை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். தயமின் என்னும் பி1 வைட்டமின் தீர்ந்துபோனால், பார்வை இரட்டையாவதும் நடை தள்ளாடுவதும் நேர்ந்து, மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்படக்கூடும். இப்போதே கடுமையான நெஞ்செரிச்சல் இருந்தால், ஸ்லீவுக்குப் பின் அது கூடலாம் என்பதால், இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலுடன் நேரடியாக இணைக்கும் ‘பைபாஸ்’ முறை பொருந்துமா என்று முன்கூட்டியே கேளுங்கள். சர்க்கரை மாத்திரையின் அளவையும் அறுவைக்குப் பின் உடனே மாற்றியமைக்க வேண்டியிருக்கும். பழைய அளவையே தொடர்ந்தால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம்.

பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றுக்கான மாத்திரைகளும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தேவை. இதற்கு உறுதி கூற முடியாதவருக்கு நான் இந்த அறுவையைப் பரிந்துரைக்க மாட்டேன்.

குழந்தையைப் பொறுத்தவரை, அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடுங்கள். எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுவதால், கருத்தடை முறையை முன்னதாகவே முடிவுசெய்துகொள்ளுங்கள். பின்னர் கர்ப்பகாலச் சர்க்கரைப் பரிசோதனைக்காகக் குளுக்கோஸ் நீர் தந்தால், குடிக்கும் முன்பே இந்த அறுவை பற்றிச் சொல்லிவிடுங்கள். அது படபடப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கக்கூடும் என்பதால், வேறு முறையில் பரிசோதிப்பார்கள்.