கேள்வி - பதில்: ‘டூ யூ ஹேவ் எ பைசிக்கிள்?’

கேள்வி: ஐஇஎல்டிஎஸ் (வெளிநாட்டில் படிக்க, வேலை செய்ய எழுதும் ஆங்கிலத் திறன் தேர்வு) பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறேன். சைக்கிள் பற்றிக் கேட்டால், ‘யெஸ், ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள். ஐ ஆம் டிரைவிங் இட் டெய்லி சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ். இட் இஸ் குட் ஃபார் ஹெல்த் அண்ட் என்விரான்மென்ட்’ என்று சொல்கிறேன். மாதிரித் தேர்வுகளில் ஒன்பதுக்கு 5.5ஐத் தாண்டவில்லை. எங்கே இடிக்கிறது?

பதில்: முதல் இரண்டு வாக்கியங்களில் இலக்கணம் இடிக்கிறது. மூன்றாவதில் பிழை இல்லை, ஆனாலும் பயனில்லை. சைக்கிள் இருக்கிறதா என்று கேட்டவருக்கு அதன் நன்மைகளை ஏன் ஒப்பிக்க வேண்டும்?

ஒரு பொருள் நம்மிடம் இருக்கிறது என்பதற்கு ‘ஐ ஹேவ்’ மட்டும்தான், ‘ஹேவிங்’ வராது. சைக்கிளுக்கு ‘ரைட்’, ‘டிரைவ்’ காருக்கும் பஸ்ஸுக்கும். அன்றாடப் பழக்கத்துக்கு ‘ஐ ரைட் இட் எவ்ரி டே’ போதும். ‘சின்ஸ்’ என்றால் தொடங்கிய நேரம் வர வேண்டும்: ‘சின்ஸ் 2019’. எவ்வளவு காலம் என்பதற்கு ‘ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’. அப்போது வினைச்சொல்லும் மாறும்: ‘ஐவ் ஹேட் இட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்’.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘யெஸ், ஐ டூ. இட்ஸ் எ செகண்ட் ஹேண்ட் பைசிக்கிள் வித் நோ கியர்ஸ். ஐவ் ஹேட் இட் ஃபார் அபௌட் சிக்ஸ் இயர்ஸ், அண்ட் ஐ ரைட் இட் டு வொர்க் மோஸ்ட் டேஸ், அன்லெஸ் இட்ஸ் ரெய்னிங்.’ பெரிய சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு காலங்களும், ‘அன்லெஸ்’ போட்டு இணைத்த ஒரு கலவை வாக்கியமும் இயல்பாக வந்துவிட்டன. மதிப்பெண்ணில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சமமான எடை. இந்தச் சின்னப் பதிலில் நான்கையும் காட்ட இடம் இருக்கிறது.

சொல்வளம் என்றதும் பலர் ‘எக்கோ ஃபிரெண்ட்லி மோட் ஆஃப் டிரான்ஸ்போர்ட்’ பக்கம் ஓடுகிறார்கள். தேர்வாளருக்கு அது கேட்டுக் கேட்டுப் புளித்தது. சைக்கிள் ஓட்டுபவருக்கு நிஜமாகவே தேவைப்படும் சொற்கள்தான் எடுபடும். செயின் அடிக்கடி கழன்றால் ‘த செயின் கீப்ஸ் கமிங் ஆஃப்’, காற்றடிக்க ‘பம்ப் அப் த டயர்ஸ்’, பஞ்சரானால் ‘ஐ காட் எ பஞ்சர்’, கீழே விழுந்தால் ‘ஐ ஃபெல் ஆஃப்’. ‘பைக்’ என்பது ஆங்கிலத்தில் சைக்கிளையும் குறிக்கும், மோட்டார் சைக்கிளையும் குறிக்கும். அதனால் முதல் முறை ‘பைசிக்கிள்’ என்று சொல்லிவிட்டு, பிறகு ‘பைக்’ என்று தொடருங்கள்.

கேள்வி: எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. இருப்பதாகப் பொய் சொல்லலாமா?

பதில்: உண்மைக்கு மதிப்பெண் இல்லை, மொழிக்குத்தான். ஆனால் ‘ஹவ் ஆஃபன் டூ யூ ரைட் இட்?’ என்று அடுத்த கேள்வி வந்தால், கதையை யோசிப்பதிலேயே பேச்சு தடுமாறும், சரளத்தில் இழப்பு. ‘நோ’ என்பதும் நல்ல தொடக்கமே, அதோடு நிறுத்தாதவரை. ‘நோ, ஐ டோன்ட். ஆக்சுவலி, ஐ நெவர் லேர்ன்ட் டு ரைட் ஒன், பிகாஸ் வீ லிவ்ட் ஆன் எ பிஸி ரோட்’ என்று காரணத்தைச் சேருங்கள். ‘லேர்ன்ட் சைக்கிள்’ என்று சொல்லாதீர்கள். ‘டு ரைட்’ கட்டாயம். சிறுவயதில் வைத்திருந்து இப்போது இல்லாதவர்களுக்கு ‘ஐ யூஸ்ட் டு ஹேவ் ஒன், பட் ஐ அவுட்குரூ இட்’ கச்சிதமாகப் பொருந்தும். நாம் வளர்ந்ததும் சைக்கிள் சின்னதாகிப்போனது என்று பொருள்.

கேள்வி: இப்படிப்பட்ட கேள்விகள் வரும் பேச்சுத் தேர்வின் முதல் பகுதியில் எவ்வளவு நேரம் பேசலாம்? மனப்பாடம் செய்யலாமா?

பதில்: முதல் பகுதி மொத்தமே 4 முதல் 5 நிமிடம். அதற்குள் பல கேள்விகள் வரும். ஒரு பதிலுக்கு இரண்டு முதல் நான்கு வாக்கியம் போதும். தேர்வாளர் நடுவில் நிறுத்தினால் பதறாதீர்கள், அது நேரக் கணக்கு. முழுப் பதிலை மனப்பாடம் செய்தால் குரல் ஒரே சீராக ஓடுவதிலேயே தெரிந்துவிடும். கேள்வி ‘டிட் யூ ஹேவ்’ என்று இறந்த காலத்துக்கு மாறினால் நிகழ்காலத்திலேயே ஒப்பித்து மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட, இப்போது, சிறுவயதில், இனிமேல் என்று ஒரே சைக்கிளைப் பற்றி மூன்று விதமாகப் பேசி மொபைலில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது வினைச்சொற்களை மட்டும் தாளில் எழுதுங்கள். ‘டிட் ஹேட்’, ‘ஐ ஆம் கோ’ போன்றவை உடனே கண்ணில் படும்.

கேள்வி: ‘பைசைக்கிள்’ என்பது சரியான உச்சரிப்பா?

பதில்: இல்லை. ‘பை’யில் அழுத்தம் கொடுத்து ‘பைசிக்கிள்’ என்று சொல்லுங்கள். ‘சைக்கிள்’, ‘சைக்கிளிங்’, ‘மோட்டார் சைக்கிள்’ மூன்றிலும் ‘சை’ அப்படியே இருக்கும்.