பேக்கேமன் என்ற பகடைப் பலகை விளையாட்டில் நான் 8 என்கிற இடத்தை எதிராளி 17 என்கிறாரே, யார் சொல்வது சரி?

இரண்டும் சரிதான். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுக்கு ஏறினாலும் இறங்கினாலும் ஒரே எண். பேக்கேமனில் அப்படியில்லை, 24 முக்கோணங்களையும் அவரவர் பக்கத்திலிருந்தே எண்ண வேண்டும்.

உங்கள் காய்கள் வெளியேறும் மூலைதான் 1. அங்கிருந்து 6 வரை உங்கள் வீடு. எதிராளியின் 1 உங்களுக்கு 24. இருவர் எண்ணையும் கூட்டினால் எப்போதும் 25 வரும். வெட்டுப்பட்டு நடுக்கட்டையில் நிற்கும் காய்க்கும் 25தான்.

ஆரம்பத்தில் 24இல் 2, 13இல் 5, 8இல் 3, 6இல் 5 காய்கள். எண்ணையும் காயையும் பெருக்கிக் கூட்டுங்கள்: 48+65+24+30=167. வேறு தொகை வந்தால் அடுக்கியதில் பிழை. பெரும்பாலும் 8இல் வைக்க வேண்டியதை 7இல் வைத்திருப்பீர்கள்.

குறிப்பெழுதும்போது 8/5 என்றால் 8இலிருந்து 5க்கு. காய் நகர நகர எண் குறையும். கூடினால் எதிராளியின் பக்கத்திலிருந்து எண்ணிவிட்டீர்கள்.